நாலு வேலையைச் சேர்த்துச் சொன்னால்... ஆட்டிசம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. ஆட்டிசம் உண்டு, கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறான். பத்து வருடத்துக்கு முந்தைய ரயில் நேரம்கூட அவனுக்கு மறக்காது. ஆனால் மேலாளர் நாலு வேலையைச் சேர்த்துச் சொன்னால் ஒன்றைத்தான் முடிக்கிறான். வேண்டுமென்றே செய்வதாக ஆபீசில் சொல்கிறார்கள். என்ன செய்வது? – வாசகி, திருச்சி

பதில்: வேண்டுமென்றே செய்யவில்லை. இதை முதலில் அவருடைய மேலாளர் புரிந்துகொள்ள வேண்டும். ரயில் நேரம் இருப்பது நீண்டகால நினைவில். அப்போது காதில் விழுந்த நாலு வேலை நிற்க வேண்டிய இடம் வேறு, அதைச் செயல்நினைவு என்கிறோம். 347-லிருந்து 58-ஐ மனக்கணக்காகக் கழித்துப் பாருங்கள். கிடைத்த 9-ஐயும் கடன் வாங்கிய ஒன்றையும் நழுவவிடாமல் அடுத்த இலக்கத்துக்குப் போகிறீர்களே, அந்த இடம்தான் அது. யாருக்குமே அதில் ஏறத்தாழ நாலு விஷயம்தான் நிற்கும். ஆட்டிசம் உள்ளவர்களின் சராசரி அதைவிடக் கொஞ்சம் குறைவாக வருகிறது. தனித்தனி ஆளாகப் பார்த்தால், பொதுச் சராசரியைத் தாண்டியவர்களும் அவர்களில் உண்டு.

மேலாளரிடம் கேட்க வேண்டியது இதுதான்: வேலையை எழுத்தில் கொடுங்கள். வரிக்கு ஒரு வேலை, பக்கத்தில் முடிக்க வேண்டிய நேரம், ஒரு தடவைக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். வாய்ஸ் மெசேஜ் உதவாது, எழுதிய மெசேஜ் உதவும்.

நல்ல மனதோடு செய்யும் இரண்டு காரியம் இங்கே கெடுதலாக முடியும். ஒன்று, வாயால் சொன்னதைத் தம்பி எழுதிக்கொண்டிருக்கும்போதே அதே விஷயத்தை வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்வது. கேட்பவருக்கு அது புது உத்தரவு. பழையதும் புதியதும் ஒன்றா என்று ஒப்பிடுவதிலேயே இருந்த இடம் தீர்ந்துவிடும். சொல்லிவிட்டுப் பத்து விநாடி பேசாமல் இருங்கள். இன்னொன்று, ‘புரிந்ததா?’ என்ற கேள்வி. ‘புரிந்தது’ என்றுதான் பதில் வரும். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வேலை நடுவில் யாராவது கூப்பிட்டால், திரும்பும் முன் ‘அடுத்து: 14-ம் பில்’ என்று ஒரு வரி குறித்துக்கொள்ளத் தம்பியைப் பழக்குங்கள். குறிப்பெல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும். மானிட்டரைச் சுற்றி ஒட்டிய சீட்டுகள் ஒரு வாரத்தில் கண்ணில் படாமல் போகும்.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் அடக்கம். 21-வது பிரிவின்படி நிறுவனங்கள் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்கி, அதைக் காட்டிப் பேசுங்கள்.

கேள்வி: மூளை ஸ்கேன் எடுத்தால் ஆட்டிசமும் இந்தச் செயல்நினைவுக் குறையும் தெரிந்துவிடுமா? – வாசகர், மதுரை

பதில்: தெரியாது. அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம்.

செயல்நினைவை அளக்க ஆய்வுக்கூடங்களில் அதிகம் புழங்குவது என்-பேக் சோதனை. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து மறையும். இப்போது தெரியும் எழுத்தே இரண்டு இடத்துக்கு முன்பும் வந்திருந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். த, ம, க, ம என்று வந்தால் இரண்டாவது ‘ம’வுக்கு அழுத்துவீர்கள். அந்தக் கணமே முதல் ‘ம’வை விட்டுவிட்டுக் ‘க’வைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும், அடுத்த எழுத்தை அதோடுதான் ஒப்பிட வேண்டும். மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி இதைச் செய்யும்போது, மூளையின் நெற்றிப்பகுதியையும் உச்சிப்பகுதியையும் இணைக்கும் வலையமைப்பு சுறுசுறுப்பாகும். சும்மா இருக்கும்போது இயங்கும் ஓய்வுநிலை வலையமைப்பு அடங்கும்.

அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகக் குழு 2005-ல் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடமும் இல்லாதவர்களிடமும் எழுத்துகளை வைத்து இந்தச் சோதனையை நடத்தியது. மதிப்பெண்ணில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலப்பக்க மூளை கூடுதலாக வேலை செய்தது. எழுத்தை ஒலியாக இல்லாமல் உருவமாகப் பிடித்து வைக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். எங்களுக்கு இதில் முக்கியமாகப் படுவது, விடை சரியாக வந்தாலும் வழி வேறாக இருக்கலாம் என்பதுதான். மறு ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில், கவனச் சோதனை நடக்கும்போதும் ஓய்வுநிலை வலையமைப்பு ஆட்டிசம் உள்ளவர்களிடம் சரியாக அடங்கவில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஸ்கேனுக்குள் தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தால்கூட, மூளையில் ஒன்றுக்கொன்று தூரத்தில் உள்ள பகுதிகளின் இணைப்பு பலவீனமாகவும் பக்கத்துப் பகுதிகளின் இணைப்பு பலமாகவும் பொய்யாகத் தெரியும். ஆட்டிசத்தின் அடையாளம் என்று பலர் எழுதிவந்ததும் கிட்டத்தட்ட இதே படம்தான்! 2012-ல் இது அம்பலமான பிறகு, அசைவைக் கழிக்காத பழைய முடிவுகளை அப்படியே நம்ப முடிவதில்லை. இந்த ஆய்வுகள் சொல்வதெல்லாம் குழுவின் சராசரி, ஒருவரின் ஸ்கேனை வைத்து அவருக்கு ஆட்டிசம் என்று சொல்ல முடியாது. வளர்ச்சி வரலாற்றைக் கேட்டு, நேரில் பார்த்துத்தான் மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ கண்டறிவார்கள்.

கேள்வி: நினைவாற்றல் பயிற்சி ஆப்புக்கு வருடச் சந்தா கட்டலாமா? – வாசகி, சேலம்

பதில்: வேண்டாம். பழகப் பழக அந்த விளையாட்டில் மதிப்பெண் ஏறும், ஆபீஸ் வேலைக்கு அது பெரிதாக வந்து சேர்வதில்லை. அதற்குப் பதில் தூக்கத்தையும் பதற்றத்தையும் கவனியுங்கள், இரண்டுமே செயல்நினைவைக் குறைக்கும். ஆட்டிசத்தோடு ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறும் சேர்ந்து வருவது சகஜம். அதையும் சோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள், இருந்தால் அதற்கு மருந்து உண்டு.