ஆயா வேஷமும் பொரியும்: கடிதமும் பதிலும்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் தளத்தைச் சில வருஷங்களாக வாசிக்கிறேன். கோயில் பள்ளியில் கற்ற தமிழ் என்னுடையது. பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள்.

என் தங்கை மகன் டர்பனில் மேடை நடிகன். புடவை கட்டிக்கொண்டு ஆயா வேஷம் போடுவான். அந்தக் காலத்து ஆயாக்கள் மாதிரியே பேசி, மசாலாக் கடைக்காரனிடம் விலைக்குச் சண்டை போட்டு, கூட்டத்தைக் குலுங்க வைப்பான். எங்கள் வீட்டு விசேஷம் எதுவும் அவன் இல்லாமல் நடந்ததில்லை. போன வருஷம் ஒரு பேட்டியில், தான் ஆண்களை விரும்புகிறவன் என்று சொல்லிவிட்டான். பிறகு அவனைப் போன்றவர்கள் உரிமைக்காக நடத்தும் டர்பன் பிரைட் ஊர்வலத்தில் பதாகையோடு நடந்தான். வீட்டில் எங்களுக்கு முன்பே தெரியும். யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான். இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது.

செப்டம்பரில் என் ஒரே மகளுக்குக் கல்யாணம். அண்ணன் ஸ்தானத்தில் நின்று பொரி போட அவனைத்தான் நினைத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று என் கணவர் வேறு பையனைப் பார்க்கச் சொல்கிறார். ராத்திரி விருந்துக்கு வந்து ஆயா வேஷம் போட்டுவிட்டுப் போகட்டும், அதில் தப்பில்லை என்கிறார்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். நம் தென்னாப்பிரிக்காவில் அரசியல் சட்டமே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டது. அப்புறம் எதற்கு ஊர்வலம், பேட்டி? நடிகன் நடித்தால் போதாதா? பொரிக்கு யாரைக் கூப்பிடலாம் என்றும் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம்,
சாட்ஸ்வொர்த்

அன்புள்ள அக்கா,

பிழை இரண்டே இரண்டு இருந்தது. திருத்திவிட்டேன்.

உங்கள் கணவர் சொன்னதைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். பையன் புடவை கட்டி வந்தால் தப்பில்லை. வேட்டி கட்டி மணவறைப் பக்கம் நின்றால்தான் தப்பு. கடிதத்தில் இந்த இடத்துக்கு வந்தபோது சிரித்துவிட்டேன், மன்னியுங்கள்.

ஆனால் இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. என் அப்பா டொங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்து பாரக்ஸில், அதாவது கூலிக்காரர் குடியிருப்பில், பிறந்தவர். அங்கே விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று நம் ஆட்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்களே, அதுதான். திரௌபதி வேஷம் கட்டுகிறவர் ஒருவர் இருந்தாராம். துகிலுரிதல் காட்சியில் பெண்கள் எல்லாரும் அழுவார்கள், அவர் காலில் விழுந்து கும்பிடுவார்கள். மறுநாள் அதே ஆள் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு கரும்பு வெட்டப் போனால், முதல்நாள் கும்பிட்ட வீட்டுப் பையன்களே பின்னாலிருந்து சீட்டியடிப்பார்கள். ‘நானும் அடித்திருக்கிறேன்’ என்று அப்பா கடைசிக் காலத்தில் சொன்னார். அந்த மனிதர் யாரை விரும்பினார் என்று எனக்குத் தெரியாது. பெண் வேஷம் போடுகிறவர் எல்லாரும் அப்படித்தான் என்று நினைப்பது முட்டாள்தனம். நான் சொல்வது பார்க்க வந்தவர்களைப் பற்றி. விளக்கு எரியும்வரை ஒரு மரியாதை, விடிந்தபின் வேறு மரியாதை.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். ‘கொடுத்துவிட்டது’ என்கிறீர்கள். எப்படி வந்தது என்று பார்ப்போம். 1966 ஜனவரியில் ஜோஹன்னஸ்பர்க்கின் ஃபாரஸ்ட் டவுனில் ஒரு வீட்டு விருந்துக்குள் போலீஸ் புகுந்தது. முன்னூறு பேர்வரை இருந்த விருந்து, ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள். அதன் தொடர்ச்சியாக 1969-இல் ஒரு சட்டத்திருத்தம் வந்தது: ‘பார்ட்டி’யில் ஆணும் ஆணும் காமத்தைத் தூண்டும்படி நடந்துகொண்டால் குற்றம். பார்ட்டி என்றால் என்ன? இரண்டு பேருக்கு மேல் இருக்கும் எந்தச் சந்தர்ப்பமும் பார்ட்டிதான் என்று சட்டமே விளக்கம் சொன்னது. மூன்றாவது ஆள் காப்பி கொண்டுவந்தால் போதும், பார்ட்டி ஆகிவிடும்.

அந்த நாட்டிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த வழியில் ஒரு பெண் இருக்கிறார். உங்கள் பையனுக்கு மேடை என்றால் இவருக்குப் படம், தொலைக்காட்சி என்று பிழைப்பு. பெவர்லி பலேசா டிட்சி, சொவேட்டோக்காரர், 1971-இல் பிறந்தவர். 1988-இல் சைமன் ங்கோலி ஜோஹன்னஸ்பர்க்கில் தன்பாலீர்ப்பாளர்களுக்காக ஓர் அமைப்பு தொடங்கியபோது கூட இருந்தவர்களில் ஒருவர். ங்கோலியைப் பற்றியும் சொல்லவேண்டும். நிறவெறி அரசு போட்ட டெல்மாஸ் தேசத்துரோக வழக்கில் 22 பேரில் ஒருவராகச் சிறையில் இருந்தபோது, தான் இப்படிப்பட்டவன் என்று கூட இருந்த தோழர்களிடமே சொன்னவர். நிறவெறி அரசுக்கு எதிராகத் தூக்குமேடை வரைக்கும் போகத் தயாராக இருந்த தோழர்கள் சிலருக்கு இவரோடு ஒரே கூண்டில் நிற்க மனம் வரவில்லை. பேசிப் பேசித்தான் ஏற்றுக்கொண்டார்கள்.

1990 அக்டோபர் 13-ஆம் தேதி ஜோஹன்னஸ்பர்க்கில் முதல் பிரைட் ஊர்வலம். சுமார் 800 பேர். அதில் சிலர் கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்ட காகிதப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். நடக்கவும் வேண்டும், வீட்டுக்கும் வேலைக்கும் தெரியவும் கூடாது. டிட்சிக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. பை இல்லாமல் மேடையேறிப் பேசினார். அப்புறம் தொலைக்காட்சியிலும் முகம் காட்டிப் பேசினார். மிரட்டல் வந்தது அதற்குப் பிறகுதான். உங்கள் வீட்டில் நடந்த வரிசையும் இதுதான், கவனியுங்கள். வீட்டுக்குத் தெரிந்திருந்தவரை ஒன்றுமில்லை, பேட்டி வந்ததும் எல்லாம் வந்தது.

1995 செப்டம்பரில் பெய்ஜிங்கில் ஐ.நா.வின் உலகப் பெண்கள் மாநாடு. பெண்களை விரும்பும் பெண்களின் உரிமையும் மனித உரிமைதான் என்று டிட்சி அங்கே பேசினார். கடைசியில் மாநாட்டுத் தீர்மானத்தில் பாலீர்ப்பு பற்றி ஒரு சொல்கூட இடம்பெறவில்லை. பேசியவர் ஊருக்குத் திரும்பி வந்து தன் வேலையைப் பார்த்தார். 2002-இல் நிக்கி நியூமனோடு சேர்ந்து ‘சைமன் அண்ட் ஐ’ என்ற ஆவணப்படம் எடுத்தார். ங்கோலி 1998 நவம்பர் 30 அன்று எய்ட்ஸால் இறந்துபோயிருந்தார். எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது, அது அஞ்சலிப் படமாக இல்லை என்பதுதான். ங்கோலியோடு தனக்கு வந்த மனத்தாங்கலையும் அதில் வைத்திருக்கிறார். நம் ஆட்கள் தலைவரைப் பற்றிப் படம் எடுத்தால் மாலைக்கு மேல் மாலைதான் விழும்.

சட்டம் வந்தது இவர்களைப் போன்றவர்கள் பின்னால்தான். பாலீர்ப்பைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்ற வரி 1994-இல் இடைக்கால அரசியல் சட்டத்திலேயே இருந்தது. 1996-இன் சட்டத்திலும் நின்றது. ஆனால் ஆணும் ஆணும் சேர்வது குற்றம் என்ற பழைய சட்டம் செத்தது 1998 அக்டோபரில், அதுவும் வழக்குப் போட்ட பிறகு. திருமணத்துக்கும் வழக்குத்தான். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த தேதி 2006 நவம்பர் 30. ங்கோலி இறந்து சரியாக எட்டு வருஷம்.

அதோடு முடிந்ததா என்றால், 2018-ஐப் பாருங்கள். ‘இன்க்சேபா’ என்று ஒரு படம். கோசா இனத்து இளைஞர்களின் சுன்னத்துச் சடங்கு நடக்கும் மலையில் இரண்டு ஆண்களுக்கிடையிலான உறவைச் சொல்வது. தணிக்கை மேல்முறையீட்டுக் குழு அதை ஆபாசப் படங்களின் வரிசையில் சேர்த்தது, தியேட்டர்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். நீதிமன்றம் போய்த்தான் அந்த உத்தரவு ரத்தானது. நடித்த நகானேவுக்குக் கொலை மிரட்டல். அவர் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன பாடகர். அவரும் நடிக்கத்தான் நடித்தார், அக்கா. போதவில்லையே.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் ‘ஆண்களை விரும்புகிறவன்’ என்று நேராக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் இதற்குத் தமிழில் சொல்லே கிடையாது. ‘அந்த மாதிரி’ என்பார்கள், கோபம் வந்தால் ‘மொஃபி’ என்ற வசவு. நீங்கள் ஒரு வாக்கியத்தை முழுசாக எழுதிவிட்டீர்கள். அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று யோசித்தேன்.

பொரிக்கு வருவோம். தங்கை மகன் என்றால் நம் முறைப்படி உங்களுக்கும் மகன்தான். பெரியம்மா என்றுதானே கூப்பிடுவான்? ராத்திரி விருந்துக்கு மட்டும் என்றால், தொழில் நடிகனைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டு சம்பளம் பேசிவிடுங்கள், அதுதான் நியாயம். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்கிறார் உங்கள் கணவர். அவர்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை, இல்லையா?

அப்புறம், கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மாப்பிள்ளை வீடு வருகிறது, உங்கள் கணவர் வருகிறார், ஊர் வருகிறது. தன் கையில் பொரி போடப்போவது யார் என்று உங்கள் மகள் என்ன நினைக்கிறாள் என்பது ஓரிடத்திலும் இல்லை. அவளிடம் கேட்டீர்களா?

அன்புடன்,
தம்பி