சூளையில் மறைந்த எழுத்து

கேள்வி: இரண்டு வருடங்களாகப் பட்டை நிப் பேனாவில் தமிழ் எழுத்தோவியம் பழகிவருகிறேன். ஸ்டோன்வேர் மண்ணில் (அதிகச் சூட்டில் சுடும் மண்) பாத்திரங்கள் செய்யும் தோழி ஒருத்தி, ஆறு கூஜாக்களில் ‘தண்ணீர்’ என்று எழுதித் தரச் சொன்னாள். ஒருமுறை சுட்ட கூஜாவின் மேல் வாட்டர்ப்ரூஃப் கறுப்பு இந்தியன் இங்கில் எழுதிக் கொடுத்தேன். அவள் கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடி போலாகும் பூச்சு) பூசி மறுபடி சுட்டு எடுத்தபோது கறுப்பே இல்லை. எழுத்து இருந்த இடத்தில் கிளேஸ் பிடிக்காத தழும்பு மட்டும் இருக்கிறது. இதற்கிடையில் மதுரையில் கடை வைத்திருப்பவர் ஒருவர் 40 பருத்திப் புடவைகளுக்கு எழுத்து டிசைன் கேட்கிறார். எப்படி ஒப்புக்கொள்வது என்று தெரியவில்லை. இன்னொரு கவலையும் உண்டு. புதிதாக எதுவும் தோன்றுவதில்லை. இணையத்தில் அடுத்தவர் எழுதியதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். – வாசகி, காரைக்குடி.

அன்புள்ள சகோதரி,

கூஜாவில் நடந்ததற்குக் காரணம் மை. இந்தியன் இங்கின் கறுப்பு வெறும் கரி. சூளைச் சூட்டில் கரி எரிந்து போய்விடும். பேனா மையின் சாயமும் அப்படித்தான். வாட்டர்ப்ரூஃப் இந்தியன் இங்கைத் தண்ணீரில் கரையாமல் காப்பது அதில் கலந்திருக்கும் அரக்கு. அரக்கின் மேல் தண்ணீரில் கரைத்த கிளேஸ் ஒட்டாது, விலகி நிற்கும். உங்கள் தழும்பு அப்படி வந்ததுதான். சூட்டைத் தாங்குவது உலோக ஆக்சைடு: இரும்பு ஆக்சைடு பழுப்பு தரும், கோபால்ட் நீலம் தரும். கிளேஸுக்கு அடியில் எழுதும் வண்ணமாக, கடையில் ‘அண்டர்கிளேஸ்’ என்று கலந்தே கிடைக்கிறது.

அண்டர்கிளேஸ் வாங்கிவிட்டால் மட்டும் போதாது. ஒருமுறை சுட்ட மண் மை உறிஞ்சும் தாள் மாதிரி. பிரஷ் பட்டதும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; கோடு பாதியில் காய்ந்து இழுபடும். ஈர ஸ்பாஞ்சால் கூஜாவை ஒருமுறை துடைத்துவிட்டு எழுதுங்கள். அண்டர்கிளேஸில் சில சொட்டு கிளிசரின் விட்டால் இன்னும் வழுக்கிக்கொண்டு ஓடும். பேனா வேண்டாம், 6 மி.மீ. பட்டை பிரஷ் எடுங்கள். கிளேஸைக் கனமாகப் பூசினால் செங்குத்தான பக்கத்தில் அது உருகி வழியும்போது கோட்டையும் சேர்த்து இழுக்கும். அதனால் முதலில் ஓட்டுத் துண்டுகளில் எழுதி, சூளையில் நிற்கவைத்துச் சுடச் சொல்லுங்கள். படுக்கவைத்துச் சுட்டால் வழிவது தெரியாது.

அடுத்தது சொல். ‘தண்ணீர்’ என்பதில் மூன்று சுழி ணகரம் இரண்டு அடுத்தடுத்து வருகிறது, ஒன்றன் தலையில் புள்ளி, இன்னொன்றின் தலையில் சுழித்த விலங்கு. தாளில் நிப் அகலத்தைப் போல ஐந்து மடங்கு உயரத்தில் எழுதப் பழகியிருப்பீர்கள். அந்தக் கணக்கில் இந்தச் சொல்லை மண்ணில் எழுதினால் கிளேஸ் உருகும்போது சுழிகள் அடைத்து, நடுவில் கறுப்புத் திட்டு நிற்கும். ஏழு மடங்கு உயரம் கொடுங்கள். 6 மி.மீ. பிரஷுக்கு 42 மி.மீ.

பிரஷைப் பிடிக்கும் கோணமும் பார்க்க வேண்டும். 30 பாகையில் பிடித்தால் 6 மி.மீ. முனை செங்குத்துக் கோட்டை 5.2 மி.மீ. கனத்திலும் கிடைக்கோட்டை 3 மி.மீ. கனத்திலும் போடும். 45 பாகையில் இரண்டும் 4.2 மி.மீ. ண, னு, ஞ போன்று கால்கள் நெருங்கி நிற்கும் எழுத்துகளுக்கு 45 நல்லது, கால்கள் மெலியும், நடுவில் காற்று வரும். ட, ப, ம மட்டும் உள்ள சொல்லுக்கு 30 கம்பீரமாக இருக்கும். ஒரே சொல்லுக்குள் கோணத்தை மாற்றாதீர்கள். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே கண் இடறும்.

கூஜாவைச் சுற்றி எழுதும்போது கடைசி எழுத்துக்கு இடம் பற்றாமல் போவது எல்லோருக்கும் நடக்கும். 18 செ.மீ. விட்டமுள்ள கூஜாவின் சுற்றளவு ஏறக்குறைய 56.5 செ.மீ. அந்த நீளத்துக்குத் தாள் பட்டை வெட்டி, அதில் எழுதி, கூஜாவில் சுற்றிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வயிற்றின் அகலமான இடத்தில் பட்டை ஒழுங்காக உட்காரும். தோள் பக்கம் ஏறினால் எழுத்துகளின் தலைகள் ஒன்றையொன்று முட்டும், அங்கே எழுதுவதானால் ஒவ்வோர் எழுத்தையும் மேலே கொஞ்சம் குறுக்க வேண்டும்.

சுடாத மண்ணிலேயே கீறி எழுதும் வழியும் உண்டு. விரல் அமுக்கினால் குழி விழாத, ஆனால் நகம் பட்டால் கீறும் பதத்தில் மண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டோன்வேர் மண் காய்ந்து சுட்டு முடிவதற்குள் பொதுவாகப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும், எழுத்தும் கூடவே சுருங்கும். தோழியின் மண் எவ்வளவு சுருங்குகிறது என்று அறிய, ஈர மண் பட்டையில் 100 மி.மீ. கோடு கீறிச் சுட்டு அளந்தால் போதும். கீறும் எழுத்துக்குப் பேனா எழுத்தின் கனம், மெலிவு எதுவும் கிடையாது, ஒரே கனம்தான். அங்கே ஓலைச்சுவடியைப் பாருங்கள். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று பெரும்பாலும் புள்ளியே வைக்க மாட்டார்கள். குறில் எகர ஒகரத்துக்கும் பழைய அடையாளம் புள்ளிதான்; எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் கொம்பிலேயே பிரித்துக் காட்டும் இன்றைய முறை 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் என்பார்கள். ஓலை பயந்த அந்தப் புள்ளியை மண்ணில் துணிந்து குத்தலாம். குழியில் கிளேஸ் தேங்கிக் கரும்புள்ளியாக நிற்கும். கீறிய எழுத்துக்கு இதைவிட நல்ல அலங்காரம் தெரியவில்லை.

இப்படி ஒவ்வொரு பொருளும் தனக்கென்று ஒரு கருவி வைத்திருக்கிறது. உங்கள் பேனா எழுத்தை முடித்துக் கையில் கொடுத்து ‘இதை அப்படியே போடு’ என்றால், தோழி உங்கள் வேலையைப் பிரதி எடுப்பவளாகிவிடுவாள். பிரதி எப்போதும் மூலத்தைவிட மட்டமாகவே வரும். அவள் கருவியை நீங்கள் கையில் எடுத்து, அதற்கு எந்த எழுத்து வருகிறது என்று பார்த்து எழுதினால்தான் அது கூட்டு வேலை.

புடவைக்கு வருவோம். 40 புடவை என்றால் மரக்கட்டை அச்சு பொருந்தும். கட்டை செதுக்குபவருக்கு எழுத்தை ட்ரேஸிங் தாளில் எழுதி, புரட்டி, ‘இந்தப் பக்கம் மேலே’ என்று குறித்துக் கொடுங்கள். புரட்டிய தமிழைத் தமிழ் தெரிந்த செதுக்குபவரே தவறவிடுவார். தெரியாதவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2 மி.மீ.க்கு மெலிந்த கோடு மரத்தில் சீக்கிரம் உடையும். அதைவிடக் குறுகிய இடைவெளியில் சாயப்பசை அடைத்துக்கொள்ளும். முதலில் போவது ஈகார விலங்கின் சுழியும் மெய்ப்புள்ளியும்தான். புள்ளியைத் தாளில் எழுதுவதைவிடப் பெரிதாக்கி, எழுத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

எழுத்து எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைப் பலர் மேசையில் விரித்த புடவையை வைத்தே முடிவு செய்துவிடுகிறார்கள். உடுத்தும்போது கதை மாறும். இடுப்பைச் சுற்றும் பகுதியில் புடவையின் நீளம் கிடையாக ஓடுகிறது. முந்தானை தோளிலிருந்து தொங்கும்போது அதே நீளம் செங்குத்தாகிறது. ஆகவே கரையில் எழுத்து நீளவாக்கில் ஓடலாம். முந்தானையில் 90 பாகை திருப்பி அகலவாக்கில் எழுத வேண்டும், எழுத்தின் கால் முந்தானை நுனியைப் பார்த்தபடி. மடிப்பு எடுத்துப் பின் குத்துபவர்களின் முந்தானையில் தெரிவது நாலைந்து விரல்கடை அகலம்தான். நீளமான சொல் மடிப்புக்குள் போய்விடும். ‘மழை’, ‘நிலா’ என்று இரண்டெழுத்தில் முடியும் சொல்லைத் திரும்பத் திரும்ப அடிப்பதே பிழைக்கும். காலருகே வரும் கரையில் சாமி பெயரோ குறளோ போடாதீர்கள். கடைக்காரர் ஒப்புக்கொண்டாலும் வாங்க வருபவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அச்சு வேண்டாம், ஒன்றிரண்டு துணி கையாலேயே எழுத வேண்டும் என்று ஆசையிருந்தால் கருப்பூர் கலம்காரிக் கலைஞர்களைத் தேடிப் போகலாம். கும்பகோணத்துக்கு அந்தப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இந்த வேலை இன்னும் நடக்கிறது. 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இங்கே கலம் என்பது பாரசீகச் சொல், எழுதுகோல் என்று பொருள். மூங்கில் குச்சியைக் கூராக்கி, சற்று மேலே துணியோ கம்பளியோ சுற்றி, அதை மையில் நனைத்து, எழுதும்போது விரலால் பிழிந்துகொண்டே போவார்கள். கறுப்பு மை இரும்பும் வெல்லமும் தண்ணீரில் புளிக்கவைத்தது. துணியை முதலிலேயே கடுக்காயிலும் பாலிலும் ஊறவைத்துவிடுவார்கள். கடுக்காயின் துவர்ப்புதான் இரும்பைக் கறுப்பாக்கும், பாலின் கொழுப்பு மையைப் பரவவிடாது. பதப்படுத்தாத துணியில் இதே மையால் எழுதினால் ஓரமெல்லாம் கசிந்து, நிறமும் வெளுத்த துருவாக நிற்கும்.

மாக்கோலம் போடும்போது அரிசிமாவுக் கரைசலில் நனைத்த துணியை விரலிடுக்கில் பிழிவீர்களே, அதே வேலை. ஜாங்கிரி பிழிவதும் துணியில்தான்! புதிதாக எதுவும் தோன்றவில்லை என்கிற உங்கள் கவலைக்கு மருந்து இந்தப் பக்கம் இருக்கிறது. இணையப் படத்தில் முடிந்த எழுத்து மட்டும் தெரியும். கை எப்படிப் போனது என்பது தெரியாது. தெருவில் அது தெரியும். பொடிக்கோலத்தில் கை மெதுவாகப் போன இடம் கனத்து, வேகமாகப் போன இடம் மெலிந்திருக்கும். வளைவுகளில் எங்கே கனக்கிறது என்று ஒரு வாரம் காலையில் பாருங்கள். பிறகு பிரஷில் ‘ஐ’, ‘ஔ’ எழுதும்போது மணிக்கட்டு தானாக அங்கே தயங்கும்.

கையால் எழுதிய கடைப் பலகைகள் காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் இருக்கும், ஃப்ளெக்ஸ் அத்தனையையும் விழுங்கிவிடவில்லை. எனாமல் பெயின்ட், பட்டை பிரஷ். கோடு தொடங்கும் இடத்தில் சதுரமாக, முடியும் இடத்தில் லேசான வால். பழைய வீட்டு முகப்புகளில் சுண்ணாம்பிலோ சிமென்டிலோ எழுப்பிய பெயர்களைக் கவனியுங்கள். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முந்தையவை என்றால் லை, ணை, னை எல்லாம் யானைத் துதிக்கை போட்ட கொம்போடும், ணா, றா, னா எல்லாம் கீழே சுழித்தும் இருக்கும். பாட்டி எழுதிய கடிதம் பெட்டியில் இருந்தால் அதிலும் இருக்கும். இந்த வடிவங்கள் அலங்காரத்துக்கு அற்புதமானவை. ஆனால் இளையவர்களுக்குப் படிக்க வராது. ஒரு சொல்லில் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ராஜராஜன் காலக் கல்வெட்டு வரிவரியாக ஓடுகிறது. உளியில் தமிழ் எழுத்து எப்படி நிமிர்ந்து நின்றது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம். காலையோ மாலையோ போங்கள். சாய்ந்த வெயிலில் வெட்டின் ஆழம் நிழலாகத் தெரியும், உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. எழுத்து தெரியட்டும் என்று விபூதியோ சாக்பீஸ் பொடியோ தடவாதீர்கள்.

பார்ப்பதைக் குறிப்பேட்டில் வரைந்து, பக்கத்தில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: எந்தக் கருவி, கோடு எங்கே தொடங்கியது, எங்கே கை எடுத்து மறுபடி வைத்தார்கள். புகைப்படம் எடுத்தால் நேர் எதிரே நின்று எடுங்கள், சாய்த்து எடுத்த படத்தில் விகிதம் பொய்யாகிவிடும்.

பணம். மாதிரிக்குத் தனிக் கூலி, இரண்டு முறை திருத்தம், அதற்கு மேல் கூடுதல் கட்டணம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். உங்கள் எழுத்தின் காப்புரிமை (காப்பிரைட்) எழுத்துமூலம் கொடுத்தால்தான் கைமாறும். கால அளவு குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு என்று கொள்ளப்படும். அதனால் ‘இந்த டிசைன், இத்தனை புடவை, இவ்வளவு காலம்’ என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். 40 என்ற எண்ணிக்கையிலும் ஒரு கண் வையுங்கள். டிசைன் சட்டத்தில் பதியத் தகுந்த வடிவம் ஒன்றைப் பதியாமல், தொழில்முறையில் 50-க்கு மேல் படியெடுத்தால் காப்புரிமை போய்விடும் என்று 1957 காப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. கடைக்காரர் இரண்டாம் தடவை ஆர்டர் கொடுத்தால் அந்த எல்லை தாண்டும். பதிவு செய்யும் எண்ணமிருந்தால் படத்தை இணையத்தில் போடுவதற்கு முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள், வெளியான டிசைனைப் புதிது என்று பதிய முடியாது. தோழியோடு செய்யும் கூஜாவுக்கு இவ்வளவு வேண்டாம். மண், சூளைச் செலவைக் கழித்து மீதியைப் பிரித்துக்கொண்டு, அடியில் இருவர் பெயரும் கீறினால் சரி.

அந்த ஆறு கூஜாக்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தழும்பில் வெறும் மண் தெரிகிறது என்றால் அதற்கு நிறம் ஏற்றலாம். இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் பால் பதத்துக்குக் கரைத்து, ஒட்டுவதற்குக் கொஞ்சம் நிறமற்ற கிளேஸும் கலந்து, எழுத்தின் மேல் தாராளமாகத் தடவுங்கள். சற்று உலர்ந்ததும் பிழிந்த ஸ்பாஞ்சால் துடைத்தால் வழவழப்பான கிளேஸிலிருந்து அது போய்விடும், சொரசொரப்பான தழும்பில் தங்கும். மறுபடி சுடுவதற்கு முன் கூஜா நன்றாக உலர வேண்டும். தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தால் இன்னும் சில நாள் கூடுதலாக வையுங்கள், ஈரம் உள்ளே இருந்தால் வெடிக்கும். முதலில் ஒரே ஒரு கூஜா, அதுவும் தோழி அடுத்து வேறு எதற்காவது சூளை மூட்டும்போது ஓரமாக.