தொழில் உரிமம் புதுப்பித்தல்: கோவை முதல் கரூர் வரை வந்த கேள்விகளும் என் பதில்களும்

கோனியம்மன் தேர் ஓடும் மாசி மாதத்தில்தான் எனக்கும் தொலைபேசி ஓயாமல் ஒலிக்கத் தொடங்கும். உள்ளாட்சி அமைப்புகள் தரும் தொழில் உரிமம் முடியும் மார்ச் 31 நெருங்குகிறது என்பதே அதற்குக் காரணம். கடை, பட்டறை, தறிகுடோன், பனியன் கம்பெனி நடத்துவோருக்கு உரிம விண்ணப்பங்களை எழுதித் தருவதே பல ஆண்டுகளாக என் பிழைப்பு. இந்தப் பருவத்தில் வந்த கேள்விகளில், கேட்டவருக்கு மட்டுமன்றிப் பிறருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். தேதியைத் தவறவிட்டுச் சிக்கியவர்களைவிட, உரிமத்தாளில் இருப்பது ஒன்றும் கடையில் நடப்பது வேறொன்றுமாக இருந்ததால் சிக்கியவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். கீழே உள்ள பதில்களில் சில அதைப் பற்றியவைதாம்.

கேள்வி (பேக்கரி உரிமையாளர், காந்திபுரம், கோவை): ஐயா, என்னிடம் உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜி.எஸ்.டி. பதிவு, உத்யம் சான்று மூன்றும் உள்ளன. தொழில் வரியும் கட்டுகிறேன். இத்தனைக்கும் மேல் மாநகராட்சியிடம் ஆண்டுதோறும் ஏன் உரிமம் புதுப்பிக்க வேண்டும்?

பதில்: ஒவ்வொரு தாளும் உங்களிடம் வேறொரு கேள்வியைக் கேட்கிறது என்று எடுத்துக்கொண்டால் குழப்பம் நீங்கும். ஜி.எஸ்.டி. பதிவு நீங்கள் எவ்வளவுக்கு விற்கிறீர்கள் என்று கேட்கிறது. பொருள் விற்போருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் அது பொதுவாகக் கட்டாயமாகிறது. உத்யம் உங்கள் தொழில் குறுந்தொழிலா, சிறுதொழிலா என்று கேட்கிறது. நீங்களே தரும் விவரத்தின்பேரில் இலவசமாகக் கிடைப்பது அது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பெறும் 14 இலக்க எண், நீங்கள் விற்பதைத் தின்பவர் நலமாக இருப்பாரா என்று கேட்கிறது. உள்ளாட்சி உரிமம் கேட்பது இவற்றில் எதுவுமன்று. இந்தக் கதவு எண்ணில் நீங்கள் செய்யும் தொழிலால் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன நேர்கிறது என்பதே அதன் கேள்வி. அடுப்புப் புகை எந்தச் சன்னல் வழியாகப் போகிறது, கழுவிய நீர் எந்தச் சாக்கடையில் விழுகிறது, எரிவாயு உருளைகள் படிக்கட்டின் அடியில் அடுக்கப்பட்டுள்ளனவா என்பனவெல்லாம் அதற்குள் அடங்கும்.

அபாயகரமான, அருவருப்பான தொழில்களுக்கான உரிமம் என்ற பொருளில் இதனை இன்றும் பழைய அலுவலர்கள் 'டி அண்டு ஓ' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயர் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டக் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. கோவைக்கு 1981ஆம் ஆண்டு முதல் தனி மாநகராட்சிச் சட்டம் இருந்தது. 2023 ஏப்ரலில், 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதற்கான விதிகளும் நடைமுறைக்கு வந்து, இந்தப் பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆகவே பழைய உரிமத்தில் அச்சிட்டுள்ள பிரிவு எண்ணைப் புதிய விண்ணப்பத்தில் அப்படியே எடுத்து எழுதாதீர்கள்.

தொழில் வரியைப் பற்றி ஒரு சொல். பெயரில் தொழில் இருப்பதால் அதைக் கட்டினாலே உரிமம் புதுப்பிக்கப்பட்டதாகப் பலரும் நம்புகிறார்கள். அது அரையாண்டுக்கு ஒருமுறை வருமானத்தைப் பொறுத்துச் செலுத்தும் வரி. அரசமைப்புச் சட்டத்தின் 276ஆம் பிரிவு அதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என உச்சவரம்பு வைத்துள்ளது. வரியைக் கட்டியவருக்கு உரிமம் கிடைத்துவிட்டதாக எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கேள்வி (அயர்னிங், பேக்கிங் பிரிவு நடத்துபவர், திருப்பூர்): மார்ச் 28ஆம் தேதியே இணையவழியில் கட்டணம் செலுத்தி ரசீதைச் சுவரில் ஒட்டிவிட்டேன். மே மாதம் வந்த சுகாதார ஆய்வாளர், உங்களிடம் உரிமமே இல்லை என்கிறார். இது நியாயமா?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனாலும் அவர் சொல்வதில் பிழையில்லை. ரசீது என்பது பணம் வந்து சேர்ந்ததற்குச் சான்று, உரிமம் என்பது தொழில் நடத்த அனுமதித்ததற்குச் சான்று. முன்கூட்டிக் கட்டணம் பெற்றுக்கொண்டதாலேயே உரிமம் தந்ததாக ஆகாது என்பதும், விண்ணப்பம் மறுக்கப்பட்டால் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை மட்டுமே விண்ணப்பித்தவருக்கு உண்டு என்பதும் பழைய நகராட்சிச் சட்டத்திலிருந்தே இருந்துவரும் கொள்கை. இணையதளத்தில் உங்கள் விண்ணப்ப எண்ணை இட்டு, அது எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். ஏதேனும் ஓர் ஆவணம் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு, அந்தக் குறுஞ்செய்தி எப்போதோ விண்ணப்பம் போட்டுக் கொடுத்த கணினி மையத்துக்காரரின் கைப்பேசிக்குப் போயிருக்கும். என்னிடம் வரும் வழக்குகளில் இதுவே மிகச் சாதாரணமானது. விண்ணப்பத்தில் உங்கள் சொந்த எண்ணைத்தான் தர வேண்டும்.

அயர்னிங்குக்குக் கொதிகலன் வைத்திருந்தாலோ, பக்கத்தில் ஒரு வாஷிங் எந்திரம் போட்டிருந்தாலோ, அதை மறைத்து 'பேக்கிங்' என்று மட்டும் எழுதிப் புதுப்பிக்க முயலாதீர்கள். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, திருப்பூரில் ஈரம் சம்பந்தப்பட்ட எந்த வேலையையும் அதிகாரிகள் இரண்டு முறை பார்க்கிறார்கள். 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டமும் 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டமும் கேட்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை தனியாக வேண்டும். உள்ளாட்சி உரிமம் அதற்கு ஈடாகாது.

கேள்வி (விசைத்தறி உரிமையாளர், சோமனூர் அருகே ஒரு கிராம ஊராட்சி): எட்டுத் தறிக்கு அனுமதி வாங்கினேன். இப்போது பதினாறு ஓடுகின்றன. இந்த ஆண்டும் பழையபடியே எட்டு என்று எழுதிப் புதுப்பித்தால் கட்டணம் குறையும் என்று நண்பர் சொல்கிறார்.

பதில்: நண்பர் உங்களுக்குச் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தித் தருவதாக நினைத்துக்கொண்டு, பெரிய ஓட்டை ஒன்றைத் திறந்து வைக்கிறார். கிராம ஊராட்சிப் பகுதியில் உங்களுக்குப் பொருந்துவது 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அதில் தொழில் நடத்த உரிமம் பெறுவது ஒன்று, எந்திரங்கள் நிறுவ அனுமதி பெறுவது மற்றொன்று. தறி கூடினால் மோட்டாரின் குதிரைத்திறன் கூடுகிறது, எனவே எந்திர அனுமதியையும் திருத்தியாக வேண்டும். உங்கள் இணைப்பில் அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு என்பது மின்வாரியக் கணக்கில் இருக்கிறது. ஊராட்சிக் கணக்கில் எட்டு, மின்வாரியக் கணக்கில் பதினாறு என்று இருந்தால், எவரேனும் ஒருவர் புகார் எழுதும் நாளில் இரண்டும் ஒரே மேசைக்கு வரும். தீ விபத்து நேர்ந்து காப்பீட்டுத் தொகை கேட்கும்போது மதிப்பீட்டாளர் கேட்கும் தாள்களில் இந்த அனுமதியும் இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். சாளையை (தோட்டத்து வீட்டை) ஒட்டிக் குடோனை நீட்டியிருந்தால் அந்தக் கட்டட அனுமதியையும் சேர்த்து முடித்துவிடுங்கள். முதலில் தறி எண்ணிக்கையைத் திருத்த விண்ணப்பித்து, அதன் பிறகு புதுப்பியுங்கள்.

கேள்வி (மஞ்சள் மண்டி, ஈரோடு): உரிமம் என் தந்தையார் பெயரில் இருக்கிறது. அவர் சென்ற ஐப்பசியில் காலமாகிவிட்டார். கடையை நானும் தம்பியும் நடத்துகிறோம். அப்பா பெயரிலேயே இன்னும் ஓர் ஆண்டு புதுப்பிக்கலாமா?

பதில்: கூடாது. இறந்தவர் பெயரில் கையெழுத்திட்டு விண்ணப்பிப்பது, எவ்வளவு நல்ல எண்ணத்துடன் செய்தாலும், பொய்யான ஆவணம் தருவதாகும். இறப்புச் சான்றும், வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும் வாரிசுச் சான்றும், மற்ற வாரிசுகள் மறுப்பில்லை என்று எழுதித் தரும் கடிதமும் கொண்டு பெயர் மாற்றம் கேளுங்கள். வீட்டுக்கு மூத்தவர் என்பதால் உங்கள் பெயரில் மட்டும் கேட்பதா, தம்பியையும் சேர்த்துக் கூட்டாண்மை அமைப்பதா என்பதை உரிமத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள், ஏனெனில் ஜி.எஸ்.டி. பதிவு நிரந்தரக் கணக்கு எண்ணோடு (பான்) பிணைந்தது, தந்தையின் பதிவில் நீங்கள் தொடர்ந்து பில் போட இயலாது. உங்கள் பெயரிலோ கூட்டாண்மையின் பெயரிலோ புதுப் பதிவு பெற்று, தந்தையின் பதிவில் மீதமுள்ள உள்ளீட்டு வரியை (கொள்முதலில் கட்டி, இன்னும் கழித்துக்கொள்ளாத வரியை) படிவம் ஐ.டி.சி.-02 வழியாகப் புதுப் பதிவுக்கு மாற்றிக்கொண்டு, பழையதை ரத்து செய்ய வேண்டும். மண்டியில் சரக்கு இருப்பு இருக்கும்போது இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்கள் கைப்பணம் இழந்திருக்கிறார்கள்.

கேள்வி (ஜவுளிக் கடை, கரூர்): கட்டட உரிமையாளர் மூன்று ஆண்டுகளாகச் சொத்து வரி கட்டவில்லை. அதைக் கட்டினால்தான் என் உரிமத்தைப் புதுப்பிப்போம் என்கிறார்கள். அவர் செய்த தவறுக்கு நான் ஏன் தண்டனை பெற வேண்டும்?

பதில்: கேள்வி நியாயமானது, ஆனால் உள்ளாட்சி அலுவலகம் சொத்து வரி ரசீதைக் கேட்பது ஊரெங்கும் உள்ள நடைமுறை. உரிமையாளரிடம் எழுத்து மூலமாக ஒப்புதல் பெற்று, நிலுவையை நீங்களே செலுத்தி, மாத வாடகையில் கழித்துக்கொள்வதே விரைவான வழி. வாய்மொழியாகச் சரி என்றார் என்று பணத்தைக் கட்டிவிடாதீர்கள். ஒப்பந்தம் முடியும்போது அது நினைவில் நிற்காது. அடுத்த வாடகை ஒப்பந்தத்தில், வரி யார் கட்டுவது, எந்தத் தேதிக்குள் கட்டுவது என்று ஒரு பத்தியை எழுதிச் சேருங்கள். ஏப்ரல் 30, அக்டோபர் 31 ஆகிய நாள்களுக்குள் அரையாண்டுச் சொத்து வரியைச் செலுத்தினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு என்பதை எடுத்துச் சொன்னால் சில உரிமையாளர்கள் அசைவார்கள்.

கேள்வி (தள்ளுவண்டித் தேநீர்க்கடை, திருப்பூர்): எனக்கும் இந்த உரிமம் வேண்டுமா, அண்ணா?

பதில்: நிலையான கட்டடம் இல்லாத உங்களுக்குப் பொருந்துவது 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம். அதன்படி வழங்கப்படும் வியாபாரச் சான்றையும் அடையாள அட்டையையும் பெறுங்கள். தேநீர் விற்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம் வேண்டும்.

கேள்வி (எண்ணெய்ச் செக்கு, காங்கேயம்): ஜனவரியில்தான் புதிதாக உரிமம் வாங்கினேன். அதற்குள் மார்ச்சில் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். பன்னிரண்டு மாதம் கூட ஆகவில்லையே?

பதில்: உரிமம் நிதியாண்டுக்கு வழங்கப்படுகிறது, வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதன்று. ஜனவரியில் வாங்கினாலும் மார்ச் 31 அன்று முடிந்துவிடும். இதனால்தான் புதுக்கடை திறக்க வருவோரிடம், அவசரமில்லையென்றால் ஏப்ரல் வரை பொறுங்கள் என்று சொல்வேன். மற்றொன்றையும் பாருங்கள். உங்கள் மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை மறு முத்திரை வேண்டும். அது தொழிலாளர் துறையின் வேலை, அந்தக் கணக்கு முத்திரையிட்ட நாளிலிருந்தே ஓடும். உணவுப் பாதுகாப்புச் சான்றில் அச்சிட்டுள்ள தேதியும் வேறாகத்தான் இருக்கும். மூன்று தேதிகளையும் கடைக் காலண்டரில் முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

கேள்வி (லேத் பட்டறை, கணபதி, கோவை): ஆர்டர் இல்லாமல் எட்டு மாதமாகப் பட்டறையைப் பூட்டி வைத்திருக்கிறேன். புதுப்பிக்காமல் விட்டுவிட்டால் போதாதா?

பதில்: போதாது. பட்டறை பூட்டியிருப்பது உங்களுக்குத் தெரியும். அலுவலகக் கணினிக்குத் தெரியாது. தொழிலை நிறுத்திவிட்டேன் என்று எழுத்தில் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஆண்டுதோறும் கேட்புத்தொகை ஏறிக்கொண்டே இருக்கும். மீண்டும் ஆர்டர் வந்து பட்டறையைத் திறக்கும் நாளில் முழு நிலுவையும் உங்கள் முன் நிற்கும்.

கேள்வி (மளிகைக் கடை, பொள்ளாச்சி): ஏப்ரலில் விண்ணப்பித்தேன். ஜூன் வரை பதிலே இல்லை. அலுவலக வாசலில் நிற்கும் ஒருவர் 4,000 ரூபாய் கொடுத்தால் ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் ஆணையருக்கு ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லையென்றால், 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 'என் விண்ணப்பம் எந்தெந்தத் தேதியில் எந்த அலுவலரின் மேசையில் இருந்தது' என்று மட்டும் கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். ஏன் தாமதம் என்று கேட்டால் அது தகவலன்று, விளக்கம் என்று தள்ளிவிட இடமுண்டு. தேதியையும் மேசையையும் கேட்டால் கோப்பைப் பார்த்து எழுதித்தான் ஆக வேண்டும். என் அனுபவத்தில் பாதிப் பேருக்கு அந்தப் பதில் வருவதற்கு முன்பே உரிமம் வந்துவிடுகிறது.