நிச்சய மோதிரத்தில் கல் ஆடுகிறது

கேள்வி: என் நிச்சயதார்த்தம் முடிந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. கீழக்கரையில் மாமா வாங்கித் தந்த நீலக்கல்லைக் கொடுத்து, ராமநாதபுரத்தில் ஒரு நகைக்கடையில் 22 காரட் தங்கத்தில் ஆர்டர் கொடுத்துச் செய்த மோதிரம் அணிந்திருக்கிறேன். சென்ற வாரம் மீன் ஆய்ந்துவிட்டுக் கை கழுவியபோது கல் ஆடுவதைக் கண்டேன். கடைக்காரரோ, ‘கடல் தண்ணீர் பட்டதால் வந்தது, கல்லும் உங்களுடையது’ என்று கைவிரிக்கிறார். தெருவிலுள்ள பத்தரிடம் கொடுத்துப் பசை வைத்து ஒட்டிவிடலாம் என்கிறார் அம்மா. மாப்பிள்ளை வீட்டார் இதை அபசகுனம் என்பார்களோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகி, மண்டபம்

பதில்: முதலில் மோதிரத்தைக் கழற்றி, மூடியுள்ள ஒரு சிறு டப்பாவில் வைத்துவிடுங்கள். ஆடும் கல் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. மண்டபம் கடற்கரை மணலில் விழுந்த கல்லைத் தேடி எடுத்தவர் எவரையும் நான் அறியேன்.

பிறகு, வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் மோதிரத்தைப் பிடித்து, காதருகே வைத்து விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ‘டிக் டிக்’ என்ற மெல்லிய ஒலி கேட்டால் கல் குழியில் சரியாக அமரவில்லை என்று பொருள். புடவைத் தலைப்பை அதன்மேல் ஓட்டும்போது நூல் சிக்கினால், கல்லைப் பிடித்திருக்கும் ஏதோ ஒரு கொக்கி தூக்கிக்கொண்டிருக்கிறது. லென்ஸ் கிடைத்தால் ஒவ்வொரு கொக்கியின் அடியையும் பாருங்கள். கடலோரத்தில் புழங்கும் மோதிரங்களில் அந்த இடுக்கில் உப்பும் மணல் துகளும் ஒட்டியிருப்பது வழக்கம்.

கடைக்காரர் சொல்வதில் பாதிதான் உண்மை. உப்பு நீர் தங்கத்தை அரிப்பதில்லை. ஆனால் மணலின் கடினத்தன்மை சுமார் 7, தங்கத்தினுடையதோ 3 கூட இல்லை. ஆகவே இடுக்கில் புகுந்த மணல் கொக்கியை உள்ளிருந்தே தேய்க்கும். அதைவிடப் பெரிய காரணம் அந்த 22 காரட்டாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. 91.6 விழுக்காடு பொன் உள்ள தங்கம் மென்மையானது. தேங்காய் துருவும்போதும் மீன் செதில் சுரண்டும்போதும் மெல்லிய கொக்கி வளைந்துவிடும். இதனாலேயே கல் வைத்த மோதிரங்களுக்குப் பலர் 18 காரட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 22 காரட்டில்தான் செய்வது என்றால் கொக்கியைத் தடிமனாக வைத்திருக்க வேண்டும்; அந்தப் பொறுப்பு செய்தவருடையது, கல் யாருடையதாக இருந்தாலும்.

பசை வேண்டவே வேண்டாம். அது கல்லுக்கு அடியில் படிந்து ஒளியை மறைக்கும். கொக்கியின் பழுதையும் மூடிவைத்துவிடும். கொக்கி வளைந்திருந்தால், அனுபவமுள்ளவர் குறடால் அழுத்திச் சில நிமிடங்களில் சரிசெய்துவிடுவார். தேய்ந்திருந்தால் நுனியில் பொன் ஏற்றிப் பற்றவைக்க வேண்டும். இங்கேதான் எச்சரிக்கை தேவை. பற்றவைக்கும் சூட்டில், அதற்கென வைக்கும் வெங்காரப் பொடி (போராக்ஸ்) பட்டால் நீலக்கல்லின் மேற்பரப்பு அரிக்கப்பட்டு மங்கும். உள்வெடிப்பில் கண்ணாடி நிரப்பப்பட்ட கல்லாக இருந்தால் அந்தச் சூட்டையே தாங்காது. ‘பொடி வைத்து ஊதுவது’ என்று நாம் பேச்சில் சொல்வது பத்தரின் இந்த வேலையிலிருந்து வந்ததுதான். எனவே கல்லைக் கழற்றிவிட்டு ஊதுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். தெருப் பத்தர் கைதேர்ந்தவராகவே இருக்கலாம். ஆனால் வேறொருவர் கை வைத்துவிட்டால், பழுது அவரால் வந்தது என்று கடைக்காரர் சொல்ல இடம் கிடைத்துவிடும். ஆகவே முதலில் செய்த கடைக்கே செல்லுங்கள்.

கொடுக்கும்போது ரசீதில் மோதிரத்தின் மொத்த எடை, கல்லின் காரட் எடை, நீள அகலம் மில்லிமீட்டரில், சான்றிதழ் இருந்தால் அதன் எண் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். கல்லின் உள்ளிருக்கும் கோடு, புள்ளி தெரியும்படி கிட்டத்தில் ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹால்மார்க் முத்திரை பொன்னின் தூய்மைக்குத்தான் உறுதி தருகிறது, கல் பதித்த வேலைக்கு அல்ல என்பதால், ஆர்டர் சீட்டும் பில்லும்தான் உங்கள் பக்கத்துச் சாட்சி. அவர்கள் மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய 2 ஆண்டு அவகாசம் உண்டு, கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை.

சகுனத்தைப் பற்றி ஒரு சொல்: கொக்கி தளர்ந்ததற்குக் காரணம் கொக்கிதான். மாப்பிள்ளையிடம் நீங்களே முந்திச் சொல்லிவிட்டால், அவர் வீட்டார் பிறர் வாயால் கேட்க நேராது.

கேள்வி: பாட்டியின் பழைய மோதிரத்தை அழித்து என் நிச்சயத்துக்குப் புதிதாகச் செய்தோம். அதில் முத்து சுழல்கிறது. அதையும் அழுத்திச் சரிசெய்யலாமா?
— ஒரு வாசகர், பெரியபட்டினம்

பதில்: கூடாது. மோதிர முத்தில் பெரும்பாலும் பாதித் துளையிட்டு, உள்ளே நிற்கும் சிறு பொன் ஊசியில் பசையால் பொருத்துவார்கள். அந்தப் பசை காய்ந்து விட்டுப்போனதால் முத்து சுழல்கிறது. பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, நகைக்கென்றே உள்ள எபாக்சியால் மீண்டும் பொருத்தச் சொல்லுங்கள். மேலே பசையைப் பழித்துவிட்டு இங்கே பரிந்துரைப்பது முரணாகத் தோன்றலாம், ஆனால் முத்துக்கு உரிய முறை அதுதான். முத்து இருக்கும்போது மோதிரத்தில் தீ படக் கூடாது. முத்து சுண்ணாம்புச் சத்தால் ஆனதால் எலுமிச்சையோ புளியோ பட்டால் அதன் மேற்பரப்பு கரையும். ஆகவே மோதிரத்தைப் பளபளப்பாக்க அவற்றால் தேய்க்காமல், ஈரத் துணியால் துடைத்து, நன்கு உலர்ந்த பின் வையுங்கள்.