மழை இரவு, நுரைக் காபி, நெஞ்செரிச்சல்

கேள்வி: எனக்கு வயது 41. மழை பிடித்துக்கொண்டால் காபி ஷாப்பில் கிடைப்பதையெல்லாம் வீட்டிலேயே செய்யத் தொடங்கிவிடுவேன். நுரை ததும்பும் லாட்டே, க்ரீம் மிதக்கும் ஹாட் சாக்லேட், வெண்ணெயில் வாட்டிய சீஸ் சாண்ட்விச். இரவு உணவு முடிந்து ஒன்பது மணிவாக்கில் நானும் 12 வயது மகளும் ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிடுவோம். எனக்கு லாட்டே, அவளுக்கு ஹாட் சாக்லேட். சில வாரங்களாகப் படுத்ததும் நெஞ்சு எரிகிறது. புளித்த தண்ணீர் தொண்டைவரை வருகிறது. இரண்டு மணிவரை தூக்கமும் வருவதில்லை. அண்மையில் எடுத்த பரிசோதனையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 5.9 சதவீதம். எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். மழையும் மகளும் ஜன்னலும் சேர்ந்த ஒரு மாலைப்பொழுதைப் பறிக்கும் மருத்துவம் எனக்குத் தெரியாது. மாற்ற வேண்டியவை கடிகாரமும் கோப்பையும்தான்.

முதலில் நெஞ்செரிச்சல். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வளையம்போல ஒரு தசை இருக்கிறது. உணவு இறங்கும்போது திறந்து, பிறகு இறுக மூடிக்கொள்வது அதன் வேலை. கொழுப்பு மிகுந்த உணவு, சாக்லேட், காபி ஆகியவை பலருக்கு அந்தத் தசையைத் தளர்த்திவிடுகின்றன. உங்கள் பட்டியலில் மூன்றும் இருக்கின்றன! போதாததற்கு, வெண்ணெயும் சீஸும் இரைப்பையிலிருந்து மெதுவாகத்தான் நகரும். ஏற்கெனவே சாப்பிட்ட இரவு உணவின்மேல் ஒரு சாண்ட்விச், அதன்மேல் ஒரு பெரிய கோப்பைப் பால், பிறகு படுக்கை என்றால் அமிலம் மேலே ஏறாமல் என்ன செய்யும்? வயிற்றுக்கு இதமாக இருக்கும் என்று நினைத்து ஹாட் சாக்லேட்டில் பெப்பர்மின்ட் சேர்ப்பவர்கள் உண்டு. அதுவும் அதே தசையைத் தளர்த்தக்கூடியதுதான்.

எனவே சாண்ட்விச்சை இரவு உணவுக்குப் பிறகு சாப்பிடாதீர்கள். அதையே இரவு உணவாக்கிக்கொள்ளுங்கள். ஒரு சாண்ட்விச், கூடவே காய்கறி சூப் போதும். சூப் பாக்கெட்டிலிருந்து வந்தது என்றால் உப்பைத் தனியாகச் சேர்க்காதீர்கள். ரொட்டியிலும் சீஸிலும் ஏற்கெனவே உப்பு நிறைய இருக்கிறது. சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது கழித்துப் படுங்கள். தலையணையை அடுக்குவதைவிடக் கட்டிலின் தலைப்பக்கத்தையே சற்று உயர்த்துவது பலன் தரும். இடப்பக்கமாகச் சாய்ந்து படுப்பதும் உதவும்.

தூக்கம் ஏன் இரண்டு மணிவரை வருவதில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். காபியில் உள்ள, தூக்கத்தை விரட்டும் கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது; கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். இரண்டு ஷாட் எஸ்பிரெஸ்ஸோ ஊற்றிய லாட்டேயில் சுமார் 125 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். ஒன்பது மணிக்குக் குடித்தால், இரண்டு மணிக்கும் ஒரு ஷாட்டின் அளவு ரத்தத்தில் விழித்துக்கொண்டிருக்கும். இயந்திரம் இல்லாமல் இன்ஸ்டன்ட் தூளை அடித்து நுரையாக்குபவர் நீங்கள் என்றால் இன்னும் கவனம் தேவை. ஒரு தேக்கரண்டித் தூளிலேயே ஏறத்தாழ 60 மில்லிகிராம் உண்டு. நுரை கெட்டியாக வேண்டும் என்று கை தாராளமாகிவிடும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்பது பொதுவான வரையறை. உங்கள் சிக்கல் அளவில் இல்லை, நேரத்தில்தான். லாட்டேயை மதியம் இரண்டு, மூன்று மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மழை இரவில்தான் வருகிறது என்றால் கஃபீன் நீக்கிய காபி இருக்கிறது. அது தூக்கத்தைக் கெடுக்காது. ஆனால் நெஞ்செரிச்சலுக்கும் அதுவே தீர்வு என்று நம்பிவிடாதீர்கள்.

5.9 என்பது நீரிழிவு அல்ல. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று சொல்கிறோம். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் கோப்பைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். தயார்நிலை சாக்லேட் பானத் தூள்களின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் முதல் பொருளே சர்க்கரைதான். இரண்டு மேசைக்கரண்டி கண்டென்ஸ்டு மில்க்கில் ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை இருக்கிறது. நாளொன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே கோப்பையில் அது தீர்ந்துபோகும். சர்க்கரை சேர்க்காத கோகோ பவுடரை வாங்கி, முதலில் சிறிது வெந்நீரில் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு பால் ஊற்றுங்கள்; ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையே தாராளம். காபி நுரைக்கும் சர்க்கரையைக் குறைக்கலாம். நுரை வரும், சற்றுச் சீக்கிரம் அமுங்கும், அவ்வளவுதான். 150 மில்லி கோப்பை போதும். வீட்டில் யாரும் அளந்து ஊற்றுவதில்லை என்பதால் வீட்டுக் கோப்பை கடைக் கோப்பையைவிடப் பெரிதாகிவிடுகிறது.

மகளின் ஹாட் சாக்லேட்டில் கஃபீன் சொற்பம். அவளுக்கும் பார்க்க வேண்டியது சர்க்கரையைத்தான். குடித்த பிறகு பல் துலக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: சூடு. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களை, உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது. நல்ல வேளையாக, பால் மென்மையாக நுரைப்பதும் இனிப்பாகத் தெரிவதும் 60 டிகிரியை ஒட்டித்தான். கொதித்துவிட்டால் சுவையும் கெடும். ஓரத்தில் பொடிக் குமிழிகள் வருவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிடுங்கள். சூடான பாலை மூடிய பாட்டிலில் குலுக்கி நுரையாக்கும் காணொளிகளை மட்டும் பின்பற்றாதீர்கள்! உள்ளே அழுத்தம் கூடி மூடி தெறித்தால் கை வெந்துவிடும். கையால் அடிக்கும் விஸ்க் போதும். பால் கொட்டிவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள்; பற்பசையும் வெண்ணெயும் பூச வேண்டாம்.

இந்த மாற்றங்களை இரண்டு வாரம் செய்து பாருங்கள். எரிச்சல் தொடர்ந்தால், மருந்துக் கடையில் நீங்களாகவே மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்காமல் மருத்துவரைப் பாருங்கள். அப்போதே சர்க்கரைக்கான மறுபரிசோதனை எப்போது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, கருநிற மலம், ரத்த வாந்தி இவற்றில் எது இருந்தாலும் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. நெஞ்சில் அழுத்துகிற வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்தால், மூச்சு வாங்கினால், வாயு என்று வெந்நீர் குடித்துக்கொண்டிருக்காமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.