கதை திருடு போய்விடுமா?

கேள்வி: முழுத் திரைக்கதை தயார். தயாரிப்பாளரிடம் சொன்னால் திருடிவிடுவார்களோ என்று பயம். நிலத்தை விற்று நானே படம் எடுக்கட்டுமா? (வாசகர், தேனி)

பதில்: முதலில் நிலப் பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். வெறும் ஒன்லைனுக்கு, அதாவது ஒரே வரியில் சொல்லும் கதைக்கு, சட்டப் பாதுகாப்பு கிடையாது; கதைக்கருவுக்கு இல்லை, அதை எழுதிய விதத்துக்குத்தான் பதிப்புரிமை என்று நாடக ஆசிரியர் ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் காட்சி, வசனம் எல்லாம் எழுதி முடித்த பிரதியைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்துவிட்டு, அப்புறம் கதை சொல்லப் போங்கள், யாருக்கு என்றைக்கு அனுப்பினீர்கள் என்பது மின்னஞ்சலில் இருக்கட்டும்.

சொந்தத் தயாரிப்பா? படப்பிடிப்புச் செலவை எல்லோரும் கணக்குப் போடுவார்கள். டப்பிங், மிக்ஸிங், தணிக்கை, போஸ்டர் என்று பின்னால் வருவதில்தான் பல படங்கள் பெட்டிக்குள்ளேயே தூங்குகின்றன. இரண்டு பேர், ஒரு வீடு, ஒரு ராத்திரி என்று சின்னதாக ஒரு கதை இருக்கிறதா? அதை முதலில் எடுங்கள்.