எலுமிச்சையில் கலங்கியது, வினிகரில் தெளிந்தது

கேள்வி: எங்கள் டீக்கடையில் ஆழ்குழாய்த் தண்ணீர்தான். வெந்நீர் போடும் எவர்சில்வர் அண்டாவின் அடியில் வெள்ளைப் படலம் கல்லாக இறுகிவிட்டது. எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கொதிக்கவிட்டேன். நுரைத்தது, ஆனால் தண்ணீர் மாவு கரைத்ததுபோலக் கலங்கிவிட்டது. மறுவாரம் வினிகர் ஊற்றினேன். படலமும் போயிற்று, தண்ணீரும் தெளிவாக இருந்தது. இரண்டும் புளிப்புதானே? செம்பு பாய்லருக்கும் வினிகர் ஊற்றலாமா?
– டீக்கடைக்காரர், திருத்துறைப்பூண்டி

பதில்: கடைமடைக்காரர் என்பது கேள்வியிலேயே தெரிகிறது! திருவாரூரில் என் வீட்டு அண்டாவிலும் இதே கதைதான்.

படிந்திருப்பது கால்சியம் கார்பனேட். எந்தப் புளிப்பு பட்டாலும் கரியமில வாயு நுரைத்து வெளியேறும். மிச்சமாகும் கால்சியம் யாரோடு சேர்கிறது என்பதில்தான் சங்கதி. எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்தோடு சேர்ந்தால் கால்சியம் சிட்ரேட். லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 1 கிராம்தான் கரையும், சூடேறினால் அதுவும் குறையும். நீங்களோ கொதிக்கவே விட்டிருக்கிறீர்கள்! கல்லைப் பொடியாக்கித் திரும்ப அண்டாவிலேயே போட்டதுதான் மிச்சம். புளி கரைத்து ஊற்றியிருந்தாலும் இதே கூத்துதான். கால்சியம் டார்ட்ரேட்டும் எளிதில் கரையாது.

வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம். கால்சியம் அசிட்டேட் 20 டிகிரியில், 100 மில்லி தண்ணீரில் சுமார் 34 கிராம் கரையும். 4 விழுக்காடு வினிகர் 100 மில்லி, மிஞ்சிப்போனால் 3.3 கிராம் கல்லைத் தின்னும். அதிலிருந்து வருவது 5 கிராம் சொச்சம் அசிட்டேட். தண்ணீருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அசிட்டேட் உப்புகள் பெரும்பாலும் இப்படித்தான். வெள்ளியின் உப்பான சில்வர் அசிட்டேட் (எவர்சில்வர் அல்ல!) போன்ற ஒன்றிரண்டுதான் முரண்டு பிடிக்கும்: 100 மில்லிக்குச் சுமார் 1 கிராம். ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகள் பையன்களை மேய்த்தவன் நான். இந்தக் கேள்வியைத் தேர்வில் கேட்டால் பாதிப் பேர் புளிப்போடு நிறுத்திவிடுவார்கள்.

செம்பு பாய்லரில் ஊற்றாதீர்கள். ஈயப்பூச்சு தேய்ந்த இடத்தில் செம்பும் வினிகரும் காற்றும் சேர்ந்தால் நீலப்பச்சையாகக் காப்பர் அசிட்டேட் உண்டாகும். களிம்பு என்கிறோமே, அந்த வகை, நஞ்சு. அதுவும் அசிட்டேட் ஆயிற்றே, நன்றாகக் கரையும். கரைந்து டீயில் இறங்கும். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். செம்பின் சிவப்பு எட்டிப்பார்த்தால் ஈயம் பூசக் கொடுத்துவிடுங்கள். பூசுவது சுத்த வெள்ளீயம்தானா என்று கேளுங்கள். நஞ்சான காரீயம் (லெட்) கலந்திருந்தால், அதன் அசிட்டேட்டும் கரையும், போதாக்குறைக்கு இனிக்கவும் செய்யும். டீயில் சர்க்கரை தூக்கல் என்றுதான் நாக்கு சொல்லும்.